மணிக்கு 70 லிட்டர் ஊறும் போர்: காங்கேயம் பக்கத்துத் தோட்டத்து வீடு ஒன்றின் தண்ணீர்க் கணக்கு

போரில், அதாவது ஆழ்துளைக் கிணற்றில், தண்ணீர் இல்லை என்று யாராவது சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, மணிக்கு எத்தனை லிட்டர் ஊறுகிறது என்பதுதான். நான் இந்தப் பக்கம் மோட்டார், பைப் வேலை பார்க்கிறவன், இதற்குப் பதில் சொன்ன வீடுகள் மிகக் குறைவு. எத்தனை அடி ஆழம், எத்தனை எச்பி மோட்டார், போர் போட்டது எந்த ரிக் வண்டி, எவ்வளவு செலவு எல்லாம் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஊறும் அளவு மட்டும் தெரியாது. அது தெரியாமலேயே அடுத்த போருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். அந்தக் கட்டத்தில் நின்ற ஒரு வீட்டில் என்ன செய்தோம் என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இதே நிலையில் திருப்பூர், கரூர், நாமக்கல் பக்கம் ஆயிரக்கணக்கான வீடுகள் இருக்கின்றன.

வீடு காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில், மேட்டுப் பாங்கான தோட்டம். கிளுவை வேலி போட்ட கொரங்காடு (மானாவாரி மேய்ச்சல் நிலம்), நடுவில் வீடும் மாட்டுக் கொட்டகையும். பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலில் தண்ணீர் விட்டால் பள்ளத்துத் தோட்டங்களின் கிணறுகள் ஊறும், ஆனால் இந்த மேட்டுக்கு அது எட்டாது. வீட்டில் பெரியவர்கள் இருவர், மகன், மருமகள், இரண்டு பிள்ளைகள் என ஆறு பேர். இரண்டு கறவை மாடுகள், ஒரு கன்று. பஞ்சாயத்துக் குழாய் தெருமுனையோடு நின்றுவிட்டது.

போர் இரண்டு. முதலாவது 480 அடி, வெறும் புகை, தண்ணீரே இல்லை. இரண்டாவது ஆறரை அங்குல போர், 600 அடி. போட்ட அன்றைக்கு ரிக் வண்டிக்காரர்கள் 'அரை இன்ச் தண்ணி' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அரை இன்ச் என்றால் ஒன்றுக்கும் ஆகாது என்று வீட்டில் எல்லோரும் மனம் விட்டுவிட்டார்கள். 440 அடியில் ஒன்றரை எச்பி சப்மெர்சிபிளை இறக்கி, மாடியில் 750 லிட்டர் தொட்டி வைத்து ஓட்டி வந்தார்கள். காலையில் இருபது, இருபத்தைந்து நிமிடம் ஓடும், அப்புறம் தண்ணீர் தீர்ந்து காற்று வாங்கும். மதியம் இன்னொரு தடவை போட்டுப் பார்த்ததில் ஒருமுறை மோட்டார் புகைந்தது, காயில் (கம்பிச் சுருள்) கட்டி இறக்கினார்கள், மறு கோடையில் திரும்பவும் அதே கதை. அதற்குப் பிறகு நாளைக்கு ஒரே தடவைதான் மோட்டார், அதையும் காற்று வாங்கும் முன்பே நிறுத்திவிட வேண்டும் என்று வீட்டில் சட்டம் போட்டுவிட்டார்கள். கிடைத்தது 600, மிஞ்சினால் 700 லிட்டர். குறைந்ததை லாரித் தண்ணீர் வாங்கிச் சரிக்கட்டினார்கள்.

பெரியவர் என்னைக் கூப்பிட்டதும் தண்ணீர் பிரச்சினைக்கு இல்லை, புதுப் போருக்கு மோட்டார் விலை கேட்கத்தான். "மூணாவதா ஒண்ணு ஆயிரம் அடிக்குப் போட்டுப்போடலாம்னு இருக்கறோம் தம்பி, தேங்காய் வெச்சுப் பாத்து எடமும் குறிச்சாச்சுங்க" என்றார். ஒரு நாள் பொறுங்கய்யா, இருக்கிற போரை அளந்து பார்த்துவிட்டு முடிவு பண்ணலாம் என்று கேட்டுக்கொண்டேன்.

அரை இன்ச் என்ற பேச்சை முதலில் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ரிக் வண்டிக்காரர்கள் தண்ணீர் வழிந்தோடும் பாதையில் V வடிவத்தில் வெட்டிய தகட்டை வைத்து, வெட்டின் அடியிலிருந்து தண்ணீர் எத்தனை அங்குலம் ஏறி நிற்கிறது என்று பார்க்கிறார்கள். இந்த அளவு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. 90 டிகிரி வெட்டுக்குக் கணக்குப் போட்டால் ஓர் அங்குலம் என்பது மணிக்கு ஏறக்குறைய 510 லிட்டர். இரண்டு அங்குலம் அதைப்போல் இரண்டு மடங்கு இல்லை, ஐந்தரை மடங்குக்கும் மேல், மணிக்கு 2,900 லிட்டர் பக்கம் வரும். அதே கணக்கில் கீழே இறங்கினால் அரை அங்குலம் மணிக்கு வெறும் 90 லிட்டர்தான். விவசாயத்துக்கு இது உண்மையிலேயே ஒன்றுமில்லை. ஆனால் ஒரு நாளைக்கு 24 மணி நேரம் இருக்கிறது. 90 லிட்டரை 24-ஆல் பெருக்கினால் 2,160. ஆறு பேர் உள்ள வீட்டுக்கு இது தாராளம். ஜல் ஜீவன் திட்டத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்றுதான் கணக்கு வைத்திருக்கிறார்கள், அதன்படி இந்த வீட்டுக்கு 330 லிட்டர் போதும். தோட்டத்து வீட்டில் குளியல், துணி எல்லாம் சேர்த்து நான் ஒருவருக்கு 110 என்றே வைத்தேன். மாடுகள் சித்திரை வெயிலில் தலைக்கு 60, 70 லிட்டர் குடிக்கும், கொட்டகை கழுவ வேறு வேண்டும், எல்லாம் கூட்டினால் 900 லிட்டர். தேவை 900, கிடைப்பது 600. இந்த 300 லிட்டருக்காகத்தான் ஆயிரம் அடி.

போரை அளந்தது சித்திரையில். ஐப்பசியில் அளந்தால் எல்லாப் போரும் நல்ல போராகத்தான் தெரியும், கோடையில் அளந்ததைத்தான் நம்ப வேண்டும். கயிறு கட்டி நீர்மட்டம் பார்ப்பதை நான் செய்வதில்லை, உள்ளே பைப்பும் கேபிளும் இருக்கும்போது கயிறு சிக்கினால் மோட்டாரையே தூக்க வேண்டியதாகிவிடும். அதற்குப் பதில் மோட்டாரைக் காற்று வாங்கும் வரை ஓட்டி உடனே நிறுத்திவிட்டு, அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டேன். ஒரு மணி நேரம் விட்டு மறுபடி ஓட்டி, காற்று வாங்கும் வரை வந்த தண்ணீரை 200 லிட்டர் நீல டிரம்மில் பிடித்து, மிச்சத்தை வாளியால் அளந்தோம். பிறகு இரண்டு மணி நேரம் விட்டு ஒருமுறை, நான்கு மணி நேரம் விட்டு ஒருமுறை, ராத்திரி முழுக்க விட்டு ஒருமுறை, கடைசியாக ஒரு முழு நாள் விட்டு ஒருமுறை. ஒவ்வொரு தடவையும் பேனலில் ஆம்பியர் முள்ளை மருமகள்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் வரும்போது 9-ல் நின்ற முள், குழாயில் காற்று புடைத்ததும் 6-க்கு இறங்கியது. இதைப் பிறகு பயன்படுத்திக்கொண்டோம்.

கிடைத்த எண்கள் இவை. ஒரு மணி நேரத்தில் 70 லிட்டர், இரண்டு மணி நேரத்தில் 140, நான்கு மணி நேரத்தில் 275. இதுவரை சரியான ஏறுமுகம். ஆனால் பத்து மணி நேரத்துக்கு 700 வரவேண்டிய இடத்தில் 620தான் வந்தது, முழு நாளுக்கு 1,680-க்குப் பதில் 1,000 லிட்டர்தான்.

மீதி 680 லிட்டர் எங்கே போனது? எங்கேயும் போகவில்லை, போருக்குள் வரவே இல்லை.

எங்கள் பக்கத்துப் பூமி கடினப் பாறை. மண்ணும் மக்கிய பாறையும் மேலே கொஞ்சம்தான், அதற்குக் கீழே தண்ணீர் இருப்பது பாறை வெடிப்புகளில் மட்டும். இந்தப் போரில் 390 அடி வாக்கில் ஒரு வெடிப்பு இருப்பதாக, போடும்போது பார்த்த மகன் சொன்னார். மோட்டார் நிற்பது 440-ல். போரைக் காலி செய்ததும் வெடிப்பிலிருந்து தண்ணீர் தடையில்லாமல் கீழே கொட்டுகிறது. ஐம்பது அடி நிரம்பும் வரை, அதாவது நாலரை மணி நேரம் வரை, அதே வேகம். நீர்மட்டம் வெடிப்பைத் தாண்டி மேலே ஏற ஏற, உள்ளே நிற்கும் தண்ணீரே எதிர்த்து அழுத்துகிறது. வெளியே பாறைக்குள் இருக்கும் மட்டத்துக்கும் போருக்குள் இருக்கும் மட்டத்துக்கும் வித்தியாசம் குறையக் குறைய ஊற்றும் குறைகிறது, இரண்டும் சமமானால் நின்றுவிடுகிறது. ஆக, நாளைக்கு ஒரு தடவைதான் மோட்டார் என்ற அந்த வீட்டுச் சட்டம் மோட்டாரைக் காப்பாற்றியது வாஸ்தவம், ஆனால் அதே சட்டம்தான் ஊற்றையும் பாதி நாளைக்குச் சும்மா நிறுத்தி வைத்தது. கறவை மாட்டை வேளாவேளைக்குக் கறந்தால்தான் பால் சுரக்கும், அதைப் போலத்தான் இதுவும் என்றதும் பெரியவருக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது.

இன்னொரு கணக்கையும் இங்கே சொல்லிவிடுகிறேன், தெரியாமல் பலர் ஏமாறுகிறார்கள். ஆறரை அங்குல போரில் ஓர் அடி உயரத்துக்கு ஆறரை லிட்டர் தண்ணீர் நிற்கும், நாலரை அங்குல போரில் மூன்று லிட்டர். 100 அடி தண்ணீர் நின்றால் 650 லிட்டர். காலையில் மோட்டார் போட்டதும் இருபது நிமிடம் கொட்டுவது இந்த நின்ற தண்ணீர்தான். அதைப் பார்த்துவிட்டு நல்ல போர் என்று நினைப்பதும், அது தீர்ந்ததும் போர் வற்றிவிட்டது என்று பதறுவதும் இரண்டுமே தவறு.

புதுப் போர் வேண்டாம் என்று நான் சொன்னதற்குக் காரணம் செலவு மட்டும் இல்லை. ஆழம் கூடக்கூடப் பாறை இறுகி வெடிப்புகள் அருகிப்போகும், ஆயிரம் அடியில் கிடைத்தாலும் அவ்வளவு உயரம் ஏற்ற மோட்டாரும் மின்சாரமும் வாழ்நாள் செலவு. ஹைட்ரோ ஃபிராக்சரிங் பற்றியும் பேசினோம், அதாவது போருக்குள் அடைப்பு வைத்துத் தண்ணீரை அதிக அழுத்தத்தில் செலுத்தி, மூடிக்கிடக்கும் வெடிப்புகளைத் திறந்துவிடுவது. குடிநீர் வடிகால் வாரியம் இதை அரசுப் போர்களில் செய்கிறது, கடினப் பாறையில் பல இடங்களில் பலன் கொடுத்திருக்கிறது. இந்த வீட்டுத் தேவைக்கு இப்போது அது அவசியமில்லை என்று தள்ளிவைத்தோம். கம்ப்ரசர் மோட்டார் பற்றி மகன் கேட்டார். அதில் போருக்குள் சுற்றும் பாகம் எதுவும் கிடையாது, தண்ணீர் தீர்ந்தாலும் எரியாது, குறைந்த தண்ணீருக்கு இந்தப் பக்கம் நிறையப் பேர் வைத்திருப்பதும் அதனால்தான். ஆனால் காற்றால் தண்ணீரைத் தூக்க, காற்றுக்குழாய் தண்ணீருக்குள் நல்ல ஆழம் மூழ்கியிருக்க வேண்டும், அதே தண்ணீருக்குக் கரண்டும் கூட இழுக்கும். நல்ல நிலையில் ஒரு சப்மெர்சிபிள் உள்ளே இருக்கும்போது அதைத் தூக்கிப்போட எனக்கு மனம் வரவில்லை.

செய்தது இதுதான். மோட்டாரைத் தொடவே இல்லை. பேனலில் ஒரு சைக்ளிக் டைமரும் ஆம்பியர் குறைந்தால் நிறுத்தும் டிரை ரன் ரிலேவும் வைத்தோம். இரண்டு மணி நேரம் ஓய்வு, நான்கு நிமிடம் ஓட்டம். அந்த ஆழத்திலிருந்து இந்த மோட்டார் நிமிடத்துக்கு 30 லிட்டர் கொடுக்கிறது, ஆக ஒரு தடவைக்கு 120 லிட்டர். இரண்டு மணி நேரத்தில் ஊறுவது 140, நாங்கள் எடுப்பது 120. இந்த இருபது லிட்டரை வேண்டுமென்றேதான் விட்டேன். மிச்சம் சேர்ந்து நீர்மட்டம் சற்று மேலே நிற்கும், மோட்டார் எப்போதும் தண்ணீருக்குள்ளேயே இருக்கும். கடைசிச் சொட்டு வரை உறிஞ்சுவது பேராசை, மோட்டார் காயில்தான் அதற்கு விலை கொடுக்கும். ரிலேயை 7 ஆம்பியரில் வைத்தோம், டைமர் தவறினாலும் காற்று வாங்கிய சில நொடிகளில் அது நிறுத்திவிடும். ஒரு நாளைக்குப் பதினொன்று, பன்னிரண்டு முறை மோட்டார் கிளம்புகிறது, சப்மெர்சிபிளுக்கு இது பெரிய சுமை இல்லை. ஆனால் ஒரு முறை கிளம்பினால் ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் ஓட வேண்டும், கிளம்பும்போது ஏறும் சூடு அப்போதுதான் தணியும். அரை நிமிடம் ஓட்டிப் பத்து நிமிடம் நிறுத்துவது மாதிரி டைமர் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.

இந்தத் தண்ணீர் மாடிக்குப் போகாது. வேப்பமர நிழலில், கல் மேடை கட்டி வைத்த 3,000 லிட்டர் கறுப்புத் தொட்டிக்குத்தான் போகும். என்னைக் கேட்டால் இந்த வேலையில் முக்கியமான பொருள் இந்தத் தொட்டிதான். ஊறுவது நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேல், குளிக்கும்போது குழாயில் வேண்டியது நிமிடத்துக்குப் பத்து பதினைந்து லிட்டர். இந்த இரண்டையும் நேரடியாக முடிச்சுப் போட்டால் எந்தக் குறைந்த ஊற்றுப் போரும் தோற்றுப்போகும். நடுவில் மூன்று நாள் தண்ணீர் நிற்க இடம் கொடுத்துவிட்டால், போர் தன் வேகத்தில் கொடுக்கும், வீடு தன் வேகத்தில் எடுக்கும். கீழ்த் தொட்டியிலிருந்து மாடித் தொட்டிக்கு அரை எச்பி மோனோபிளாக் (தரையில் வைக்கும் பம்ப்) ஒன்று. கீழ்த் தொட்டி நிரம்பினால் மிதவை சுவிட்ச் டைமரை நிறுத்திவிடும். மாட்டுத் தொட்டிக்குக் கீழ்த் தொட்டியிலிருந்தே குழாய் விட்டோம், மாட்டுக்கு எதற்கு மாடித் தண்ணீர்?

தொட்டி, மோனோபிளாக், பேனல், பைப் எல்லாம் சேர்த்து 35 ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. ஆயிரம் அடி போர் மோட்டாரோடு லட்சத்தைத் தாண்டும், தண்ணீருக்கு உத்தரவாதமும் கிடையாது.

இன்னொரு சின்ன விஷயமும் கண்ணில் பட்டது. மாடித் தொட்டியின் அவுட்லெட் பக்கம் ஒரு கசிவு, நொடிக்கு ஒரு சொட்டு. ஒரு நாளைக்கு இருபது லிட்டருக்கு மேல் அதிலேயே போய்க்கொண்டிருந்தது. மணிக்கு 70 லிட்டர் ஊறும் வீட்டில் அது பதினெட்டு நிமிட ஊற்று. வாஷர் மாற்றினோம்.

புது ஏற்பாட்டில் நாளைக்குச் சராசரியாக 1,350 லிட்டர் வருகிறது. வைகாசிக் கடைசியில் ஊற்று மெதுவாகி ரிலே அடிக்கடி நிறுத்தியபோது, ஓய்வை இரண்டரை மணி நேரமாக்கச் சொன்னேன், அப்போதும் ஆயிரத்துக்குக் குறையவில்லை. அந்தக் கோடையில் அதற்குப் பிறகு லாரியைக் கூப்பிடவில்லை.

அப்புறம் தண்ணீரின் ருசி. போர்த் தண்ணீரில் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்பு, லிட்டருக்கு 1,400 மில்லிகிராம் காட்டியது. 500 வரைதான் குடிக்க நல்லது, வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். இதற்கு ஆர்.ஓ. வைத்தால் கஷ்டப்பட்டுச் சேர்த்த தண்ணீரில் பாதிக்கு மேல் கழிவாக ஓடிவிடும். வீட்டுக்கு 900 சதுர அடி காங்கிரீட் மாடி இருக்கிறது. இந்தப் பக்கம் ஆண்டு மழை 600 மில்லிமீட்டர் என்று வைத்தால், வீணாவது போக 40 ஆயிரம் லிட்டர் அந்த மாடியிலிருந்து இறங்கும். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஐந்து லிட்டர் என்றால் நாளைக்கு முப்பது லிட்டர், 5,000 லிட்டர் மூடிய தொட்டி ஒன்று ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பினால் ஐந்தரை மாதத்துக்கு வரும். 2003-ல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது பெரும்பாலும் குழி வெட்டித் தரைக்குள் விட்டார்கள், குடிக்கத் தொட்டியில் பிடிப்பது அந்த அளவுக்குப் பரவவில்லை. இந்த வீட்டில் பிடித்தோம். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, அப்புறம் ஜல்லி, மணல் வடிகட்டி வழியாகத் தொட்டிக்கு. வெளிச்சம் புகாத தொட்டியாக இருக்க வேண்டும், கொசுவலை போட வேண்டும், குடிக்கும் முன் காய்ச்ச வேண்டும், அவ்வளவுதான். தொட்டி நிரம்பி வழிவதை மாட்டுக் கொட்டகைக்கு எதிர்ப்பக்கம், ஜல்லியும் மணலும் நிரப்பிய ஊறல் குழிக்கு விட்டோம். மழைத் தண்ணீரை நேராகப் போருக்குள் விடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், சாணமும் சேறும் கலந்த தண்ணீர் அப்படிப் போனால் வெடிப்பும் அடையும், குடிக்கும் ஊற்றும் கெடும்.

குழிக்கு இடம் தேடும்போதுதான் முதல் போரைப் பார்த்தேன், அந்த 480 அடி போரை. கேசிங் (போரின் மேல்பகுதிக் குழாய்) வாயில் ஒரு சாக்கு, மேலே ஒரு கல். அந்த வீட்டில் சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர். 2019 அக்டோபரில் மணப்பாறைப் பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை இப்படியான ஒரு போரில் விழுந்து, ஊரே நாட்கணக்கில் கண்விழித்துக் காத்திருந்தும் உயிரோடு மீட்க முடியாமல் போனதை யாரும் மறந்திருக்க முடியாது. மற்ற வேலையெல்லாம் நிறுத்திவிட்டு அன்றைக்கே வெல்டரை வரவழைத்து, கேசிங் மேல் இரும்புத் தகடு வைத்துப் பற்றவைத்து, சுற்றிலும் காங்கிரீட் போட்டோம். புதுப் போர் போட நினைக்கிற ஒவ்வொரு வீட்டிலும் பழைய போர் ஒன்று இருக்கும், முதலில் அதை மூடுங்கள்.

இப்போது இந்த வீட்டில் மீதியிருக்கும் தொந்தரவு மின்வெட்டுதான். முதலில் வைத்த டைமர், கரண்ட் போய் வந்தால் உடனே மோட்டாரைப் போட்டுவிட்டு, அப்புறம்தான் ஓய்வுக்குப் போகும். ஒரு மணி நேரத்தில் நான்கு தடவை கரண்ட் விளையாடினால் நான்கு தடவை ஓடி, ரிலே நிறுத்தும் வரை போர் காலியாகும். அதைக் கழற்றிவிட்டு, கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து எண்ணும் வகை டைமரை மாற்றினோம், விலை கொஞ்சம் கூடுதல்தான். வாங்கும்போதே கடையில் இதைக் கேட்டு வாங்குங்கள். விசேஷ நாட்களில் ஒரம்பரை (விருந்தாளிகள்) இருபது பேர் வந்தால் என்ன செய்வது என்று மருமகள் கேட்டார். இரண்டு நாள் முன்னாலேயே கீழ்த் தொட்டியை நிரப்பி வைத்துக்கொள்ளலாம், பக்கத்திலேயே இன்னொரு 2,000 லிட்டர் தொட்டி வைக்கவும் மேடையில் இடம் விட்டிருக்கிறோம். தை மாதம் வீட்டில் காதுகுத்து வருகிறது, அதற்கு முன் அதை வாங்கிவிடுவதாக மகன் சொல்லியிருக்கிறார்.